பேரிங் போன குருவி

கையில அரிவாளைக் கொடுத்த அந்த நிமிஷம்தான் மோட்டார்க்காரருக்கு ஜீவகாருண்யம் பொறந்துச்சு. அது வரைக்கும் அவரு கொசு அடிச்சா, செத்துச்சான்னு உள்ளங்கையை விரிச்சுப் பார்த்து சந்தோஷப்படுற ஆளு.

அன்னைக்கு ஞாயித்துக்கிழமை. அவரோட ஞாயித்துக்கிழமையைப் பத்தி முதல்லயே சொல்லிடணும். இல்லேன்னா மனுஷன் பின்னால ஏன் கெஞ்சுறாருன்னு உங்களுக்குப் புரியாது.

அவரு மோட்டார் ரிப்பேர் கடை வச்சிருக்காரு. தண்ணி மோட்டார், மிக்ஸி, ஃபேன், எதுவானாலும் சரி. கழட்டவே வேண்டாம். ஓட விடுவாரு. ஸ்க்ரூ டிரைவர் நுனியை மோட்டார் முதுகுல வைப்பாரு, கைப்பிடியைக் காதுல வைப்பாரு, கண்ணை மூடுவாரு. "பேரிங் போச்சு"ம்பாரு. "காயில் கருகிட்டிருக்கு"ம்பாரு. சொன்னா சொன்னதுதான். கழட்டிப் பார்த்தா உள்ள அதேதான் இருக்கும். அந்தக் காதை நம்பித்தான் கடை ஓடுது, கடையை நம்பித்தான் வீடு ஓடுது.

ஆனா திங்கள்லேர்ந்து சனி வரைக்கும் ஊர்ல உள்ள மோட்டாரெல்லாம் அந்தக் காதுக்குள்ளயே ஓடுதில்ல? ஞாயித்துக்கிழமை அதுக்கு லீவு விடணும். காலையில டீயைக் குடிப்பாரு, பின்பக்க ரூம்ல போய்க் கட்டில்ல விழுவாரு. மத்தியானம் எழுந்து சாப்பிடுவாரு, சாப்பிட்ட கையைக் கழுவிட்டு மறுபடி விழுவாரு. பட்டப்பகல்ல அந்த ரூம் கும்மிருட்டா இருக்கும். காரணம், ஜன்னலுக்கு வெளியில ஒரு புதரு. கொடியும் முள்ளும் ஒண்ணுக்கொண்ணு கட்டிப் பிடிச்சு, ஜன்னலை மூடி, கூரையை எட்டிப் பார்த்துட்டு நிக்குது. அவருக்கு அது புதரு இல்லை. இலவசமா வந்த ஜன்னல் திரை.

அவரு சம்சாரத்துக்கு அது எமன். அந்தம்மா டெய்லரு. முன் ஹால்ல மெஷினைப் போட்டு, பகல்லயே டியூப் லைட்டு எரிய விட்டுத் தைக்கிறவங்க.

"அந்தப் புதரை வெட்டினா பின் ரூம்ல வெளிச்சம் கொட்டும்ங்க. மெஷினை ஜன்னலோரம் போட்டுக்குவேன். போன வாரம் கறுப்புத் துணிக்கு நீல நூலைப் போட்டுத் தைச்சுட்டேன். துணி கொடுத்த பொம்பளை என்னை நீலமாக்கிட்டுப் போனா."

வருஷக்கணக்கா கேட்டுப் பார்த்தாங்க. அவரும் வருஷக்கணக்கா "பார்க்கலாம்"னு சொல்லிட்டிருந்தாரு. அன்னைக்கு அந்தம்மா பேசவே இல்லை. டீ டம்ளரை வாங்கிக்கிட்டு அதே கையில அரிவாளை வச்சுட்டுப் போயிட்டாங்க.

மோட்டார்க்காரரு கொல்லைக்குப் போனாரு. புதரைப் பார்த்தாரு. புதரு அவரைப் பார்த்துச்சு. ரெண்டு பேருக்கும் இஷ்டமில்லை. அப்போ உள்ள எங்கேயோ "கிச்சிக் கிச்சிக்"னு ஒரு சத்தம். அவ்வளவுதான். அரிவாளைக் கீழே போட்டாரு. முகத்துல ஒரு சாந்தம். உள்ள வந்தாரு.

"என்னங்க, அதுக்குள்ள முடிச்சிட்டீங்களா?"

"வெட்ட முடியாது."

"ஏன், அரிவாள் மழுங்கலா?"

"மனசு வரலை."

"யாருக்கு?"

"எனக்குத்தான்."

"உங்களுக்கா?" அந்தம்மா ஊசியை வாயிலேர்ந்து எடுத்தாங்க. "உடம்பு எதுவும் சரியில்லையா?"

"உள்ள ஒரு குருவி கூடு கட்டியிருக்கு. வாயில்லா ஜீவன். அதோட வீட்டை நான் இடிக்கணுமா?"

"வாயில்லேன்னா கத்தினது எது? என்ன குருவி?"

மோட்டார்க்காரருக்குத் தெரிஞ்ச பறவை ரெண்டே ரெண்டுதான். வானத்துல காக்கா, தட்டுல கோழி. ரெண்டையும் ஒதுக்கிட்டு யோசிச்சாரு.

"அது வந்து... வெளிநாட்டுக் குருவி. கடல் தாண்டி வருது."

"கடல் தாண்டி வந்து நம்ம கொல்லைக்கா?"

"அதுக்கு நம்ம கொல்லை பிடிச்சிருக்கு. நீதான் மதிக்க மாட்டேங்குற."

"பார்க்க எப்படி இருக்கும்?"

"வைண்டிங் கம்பி கலரு. நல்ல செம்பு. வயித்துல மட்டும் இன்சுலேஷன் டேப்பு ஒட்டின மாதிரி ஒரு கறுப்புப் பட்டை."

"சத்தம்?"

"பேரிங் போன ஃபேன் மாதிரி. கரகரன்னு. கேட்டா எண்ணெய் விடணும் போல இருக்கும்."

"முட்டை போட்டிருக்கா?"

"போட்டிருக்கு, போட்டிருக்கு."

"எப்போ பொரிக்கும்?"

"அவசரப்படக் கூடாது. வெளிநாட்டு முட்டை. நிதானமாத்தான் பொரிக்கும்."

அந்தம்மா அவரை ஒரு பார்வை பார்த்தாங்க. கழுத்து, தோளு, மாரு, இடுப்புன்னு மேலேயிருந்து கீழே வரைக்கும். துணியில கத்தரி வைக்கிறதுக்கு முன்னால பார்க்கிற பார்வை.

"சரிங்க"ன்னாங்க.

சண்டை இல்லை. சத்தம் இல்லை. பாத்திரம் எதுவும் பறக்கலை. வெறும் "சரிங்க". புத்தியுள்ள புருஷனா இருந்தா அந்தச் "சரிங்க"வைக் கேட்ட உடனே ஓடிப்போய், அந்தப் புதரோட அடுத்த வீட்டுப் புதரையும் சேர்த்து வெட்டியிருப்பான். நம்மாளு ஓடிப்போய்க் கட்டில்ல விழுந்தாரு. ஊரு மோட்டாரு நோயையெல்லாம் காதால கண்டுபிடிக்கிற மனுஷனுக்கு, பொண்டாட்டி தொண்டையில ஓடின மோட்டாரு மட்டும் கேட்கலை.

அடுத்த ஞாயித்துக்கிழமை அப்பதான் கண்ணை மூடியிருப்பாரு. ஜன்னல் பக்கம், "தம்பி! தம்பி!"ன்னு ஒரு குரலு.

பக்கத்து வீட்டு கண்டக்டரு. ரிட்டயரானவரு. பஸ்ஸை விட்டதும் பறவையைப் பிடிச்சுக்கிட்டவரு. கழுத்துல பைனாகுலரைத் தொங்க விட்டு மதில் மேல உட்கார்ந்திருக்காரு.

"கடல் தாண்டி ஒரு குருவி வந்திருக்காமே தம்பி! தங்கச்சி சொன்னுச்சு. எழுந்து வாங்க, காட்டுங்க."

எழுந்து கொல்லைக்குப் போனா, தங்கச்சி, அதான் நம்மாளு சம்சாரம், அங்கதான் நிக்கிறாங்க. கையில அண்ணனுக்கு டீ.

"காட்டுங்களேன். அண்ணன் ஆசையா வந்திருக்காரு."

கண்டக்டரு கையை உசத்தினாரு. "பேசாதீங்க. அதோ, அது மைனா. ரெண்டு மைனா சண்டை. இந்தக் கிச்சிக் கிச்சிக் இருக்கே, இது குருவி இல்லை, அணிலு. பூனையைப் பார்த்துட்டா அணிலு இப்படித்தான் வாலை ஆட்டி ஆட்டிக் கத்தும். விஷயம் தெரியாதவன் குருவின்னு ஏமாந்துடுவான். எங்க தம்பி உங்க குருவி?"

விஷயம் தெரியாதவரு புதருக்குள்ள தேடுற மாதிரி எட்டிப் பார்த்தாரு.

"அவருக்குக் கண்ணே வேண்டாம்ண்ணா. காதாலயே சொல்லுவாரு," அப்படின்னு அந்தம்மா உள்ள போய் ஸ்க்ரூ டிரைவரைக் கொண்டு வந்து நீட்டினாங்க.

வேற வழி? மோட்டார்க்காரரு ஸ்க்ரூ டிரைவர் நுனியைப் புதரோட அடித்தண்டுல வச்சாரு. கைப்பிடியைக் காதுல வச்சாரு. கண்ணை மூடினாரு. ஒரு எறும்பு ஸ்க்ரூ டிரைவர் வழியா நடந்து வந்து காதுக்குள்ள எட்டிப் பார்த்துட்டுத் திரும்பிப் போச்சு. அதுக்கும் அங்க ஒண்ணும் கிடைக்கலை.

"ரெண்டு இருக்கு. ஒண்ணு அடைகாக்குது. ஒண்ணு வெளியே போயிருக்கு."

"வெளியே போனதைச் சேர்த்து எப்படித் தம்பி ரெண்டு?"

"இப்பதான் திரும்பி வந்துச்சு."

"நான் பார்த்துட்டேதானே இருக்கேன்?"

"பின்பக்கமா வந்துச்சு."

கண்டக்டரு பைனாகுலரைப் புதர்லேர்ந்து எடுத்து மோட்டார்க்காரரு மூஞ்சிக்குத் திருப்பினாரு. ரொம்ப நேரம் பார்த்தாரு.

"பஸ்ல ஏறினவன் மூஞ்சியைப் பார்த்தே நான் சொல்லிடுவேன் தம்பி, டிக்கெட் எடுத்தவனா எடுக்காதவனான்னு."

"அதுக்கென்னண்ணே இப்போ?"

"ஒண்ணுமில்லை. சும்மா ஞாபகம் வந்துச்சு."

டீயைக் குடிச்சுட்டுப் போயிட்டாரு. தூக்கமும் அவரோட போயிடுச்சு. சரி, ஒரு ஞாயித்துக்கிழமைதானேன்னு மோட்டார்க்காரரு மனசைத் தேத்திக்கிட்டாரு. புதரு தப்பிச்சுச்சே, அது போதும்.

ரெண்டு நாள் கழிச்சு, காலையில கொல்லைக் குழாய்கிட்ட நின்னு பல்லு விளக்கிட்டிருக்காரு. அப்போ புதருக்குள்ளேயிருந்து ஒரு சத்தம் வந்துச்சு பாருங்க.

"க்ர்ர்ர்ர்... க்ர்ர்ர்ர்..." அப்புறம் மெலிசா ஒரு விசிலு. அப்புறம் ஒண்ணுமே இல்லை. செத்துப் போச்சு போலன்னு நினைக்கிற நேரத்துல "புஹ்ஹ்"னு ஒரு வெடி. மறுபடி "க்ர்ர்ர்ர்".

பிரஷ் கீழே விழுந்துச்சு. வாயில நுரையோட அப்படியே நின்னாரு. உள்ள ஒண்ணுமே இல்லையே! அவருக்குத் தெரியாதா? அந்தக் குருவியைப் பெத்ததே அவருதானே?

"கேட்டீங்களா! உங்க குருவிங்க!" அந்தம்மா அடுப்படி வாசல்ல நின்னு கையைத் தட்டினாங்க. "நீங்க சொன்ன மாதிரியே பேரிங் போன ஃபேன்தான். பாவம், சளி பிடிச்சிருக்குமோ?"

"இது... இது குருவி மாதிரி இல்லையே."

"நீங்கதானே அப்படிக் கத்தும்னு சொன்னீங்க?"

"சொன்னேன்."

"அப்புறம் என்ன?"

அப்புறம் என்ன? குருவி இல்லைன்னா அரிவாள் வரும். குருவின்னா, உள்ள கத்துறது என்ன? ஒரு அடி முன்னால வச்சாரு. சத்தம் நின்னுச்சு. ஒரு அடி பின்னால வச்சாரு. "க்ர்ர்ர்ர்". வாயைக் கொப்புளிக்காமலேயே கடைக்குப் போயிட்டாரு.

அன்னைக்கு முழுக்கக் கடைக்கு வர்றவங்ககிட்டயெல்லாம் அந்தச் சத்தத்தைக் கத்திக் காட்டினாரு. டீக்கடைக்காரரு, "கரடிங்க. சந்தேகமே இல்லை"ன்னாரு. பேப்பர் போடுறவரு, "தவளை. ஜோடிக்குக் கூப்பிடுது. ஜோடி வரலை, அதான் இவ்வளவு கோபம்"னாரு. மிக்ஸி கொண்டு வந்த ஒரு அம்மா கண்ணைத் துடைச்சுக்கிட்டு, "எங்க மாமனாரு கடைசியா இப்படித்தான் கிடந்தாரு"ன்னு ஆரம்பிச்சாங்க. அவங்களை அனுப்பி வைக்கவே நேரமாயிடுச்சு.

கடைசியில மானத்தை விட்டுட்டு கண்டக்டர்கிட்டயே போனாரு. கண்டக்டரு போன்ல ஒரு ஆப்பு இருக்கு. சத்தத்தைக் கேட்டுப் பறவை பேரைச் சொல்லிடும். மறுநாள் காலையில சத்தம் வந்தப்ப மதில் மேலேயிருந்து போனை நீட்டிப் பிடிச்சாரு. ஆப்பு யோசிச்சுச்சு. சுத்திச்சு. மறுபடி சுத்திச்சு.

"என்னண்ணே சொல்லுது?"

"பறவை இல்லைங்குது தம்பி."

"பறவை இல்லேன்னா?"

"அதுக்கு மேல அதுக்குத் தெரியாது. நீங்க எதுக்கும் ராத்திரியில கொல்லைப் பக்கம் வராதீங்க."

அந்த வார்த்தை போதாதா? உடும்பா, காட்டுப்பன்னியா, மூச்சிரைக்கிற பாம்பான்னு மனசு ஒவ்வொண்ணா அவுத்து விட ஆரம்பிச்சுடுச்சு. அவரு கண்ட ஒரே நிம்மதி, ஞாயித்துக்கிழமை கதவைச் சாத்திட்டுத் தூங்கிடலாம்ங்கிறதுதான்.

ஞாயித்துக்கிழமை வந்துச்சு. கட்டிலுக்குப் போனா கட்டில் மேல ஒரு ஸ்டூலு, ஒரு குச்சி, ஒரு தொப்பி.

"என்ன இது?"

"பூனை சுத்துதுங்க. நேத்து புதரையே முறைச்சுப் பார்த்துட்டு நின்னுச்சு. முட்டைக்கு ஒண்ணுன்னா உங்க மனசு தாங்குமா? போய்க் காவலுக்கு உட்காருங்க."

"நானா?"

"ஜீவகாருண்யம் எனக்கா வந்துச்சு?"

போய் உட்கார்ந்தாரு. பூனை வரலை. கொசு வந்துச்சு. பூனைக்கும் சேர்த்து வந்துச்சு. எதிர்ல என்னன்னே தெரியாத ஒரு மிருகம், கையில ஒரு குச்சி. வெயிலு ஏற ஏறத் தலை தானா சாயும். சாய்ஞ்சு, கண்ணு சொருகி, இதோ தூக்கம் வந்துடுச்சுங்கிற அந்த நொடியில "க்ர்ர்ர்ர்... புஹ்ஹ்!" தூக்கி வாரிப் போடும். ஸ்டூலோட விழுவாரு. எழுந்து குச்சியை ஓங்குவாரு. சத்தம் நின்னுடும்.

அடுப்படி ஜன்னல்லேர்ந்து, "தூங்கிட்டீங்களாங்க?"

"இல்லை இல்லை!"

"பார்த்துங்க. பாவம், உங்களை நம்பித்தான் இருக்கு."

இப்படியே அடுத்த ஞாயித்துக்கிழமையும் போச்சு. அதுக்கடுத்ததும் போச்சு. இதுக்கப்புறம்தான் உண்மையான அடி.

ஒரு ஹோட்டல்லேர்ந்து தண்ணி மோட்டாரைத் தூக்கிட்டு வந்தாங்க. பெரிய ஹோட்டலு, பழைய வாடிக்கை. ஸ்க்ரூ டிரைவரைக் காதுல வச்சாரு. கண்ணை மூடினாரு. மோட்டாருக்குள்ள "க்ர்ர்ர்ர்"னு கேட்குது. காதுல கேட்குதா, மண்டையில கேட்குதான்னு தெரியலை. "பேரிங் போச்சு"ன்னுட்டாரு. ஹோட்டல்காரரு முன்னாலயே கழட்டினாரு. பேரிங் கண்ணாடி மாதிரி பளபளன்னு சிரிச்சுச்சு. போயிருந்தது வெளியில மாட்டியிருக்கிற வெறும் கெப்பாசிட்டரு. மோட்டாரைத் தொடாமலேயே மாத்தியிருக்கலாம்.

ஹோட்டல்காரரு மோட்டாரை எடுத்துக்கிட்டு எதிர்க்கடைக்குப் போனாரு. சாயங்காலத்துக்குள்ள தெரு முழுக்கப் பேச்சு: "அவருக்குக் காது போயிடுச்சாம்ப்பா." ரெண்டு நாளா ஒரு மிக்ஸிகூட வரலை. ஸ்க்ரூ டிரைவரை மடியில வச்சுக்கிட்டு அவரு சும்மா உட்கார்ந்திருந்தாரு. பாட்டுக்காரனுக்குத் தொண்டை போன மாதிரி. முதல் தடவையா அவருக்கு நெஞ்சுக்குள்ள ஒரு பயம் வந்துச்சு. கரடிப் பயம் இல்லை. அரிசிப் பயம்.

வீட்டுக்கு வந்தாரு. அந்தம்மா மெஷின்ல உட்கார்ந்திருக்காங்க. மடியில குவியலா துணி.

"இந்தாம்மா... புதரை வெட்டிடலாமா?"

மெஷின் நின்னுச்சு.

"என்னங்க சொல்றீங்க? கூடு இருக்கே!"

"இருந்தா இருக்கட்டும்."

"முட்டை?"

"போனாப் போகட்டும்."

"ஐயோ! இது உங்க வாயா? கடல் தாண்டி வந்த ஜீவன்னு எனக்குப் பாடம் எடுத்தது நீங்கதானே? எனக்கே இப்போ மனசு மாறிடுச்சு. அது கத்தலேன்னா எனக்குப் பெடலு மிதிக்கவே கால் வர மாட்டேங்குது."

"அது குருவி இல்லைடி!"

"பின்னே?"

உண்மை நாக்கு நுனி வரைக்கும் வந்துச்சு. எட்டிப் பார்த்துச்சு. அந்தம்மா கையில இருந்த கத்தரியைப் பார்த்துட்டுத் திரும்பி உள்ளயே போயிடுச்சு.

"குருவிதான். ஆனா... காலி பண்ணிட்டுப் போயிடுச்சு. குடும்பத்தோட."

"எப்போ?"

"காலையில. நானே பார்த்தேன். வரிசையாப் பறந்துச்சு."

அந்தம்மா மடியில கிடந்த துணிக்கு அடியில கையை விட்டு எதையோ தேடினாங்க. கொல்லையில "க்ர்ர்ர்ர்... புஹ்ஹ்".

"இன்னும் போகலை போலிருக்கே. பஸ்ஸு கிடைக்கலையோ?"

மோட்டார்க்காரரு தரையில உட்கார்ந்துட்டாரு. "எனக்குத் தூக்கம் வேணும். என் காது எனக்குத் திரும்பி வேணும். வேரோட வெட்டுறேன். குப்பையை நானே அள்ளிக் கொட்டுறேன். அந்த ஜன்னலுக்கு எண்ணெய் போட்டு முழுசாத் திறந்து விடுறேன். உன் மெஷினை நானே தூக்கிட்டுப் போய் அங்க வைக்கிறேன். தயவு பண்ணி எனக்குப் பெர்மிஷன் கொடு."

"நான் வெட்டச் சொல்லலைங்க."

"நீ சொல்லலை."

"நாளைக்கு இவதான் பிடுங்கி எடுத்து வெட்ட வச்சான்னு கண்டக்டரண்ணன்கிட்ட சொல்லக் கூடாது."

"சொல்ல மாட்டேன்."

"அந்தப் பாவத்துல எனக்குப் பங்கு கிடையாது."

"முழுசும் எனக்கே!"

அந்தம்மா பெருமூச்சு விட்டாங்க. இஞ்ச் டேப்போட நுனியால கண்ணை ஒத்திக்கிட்டாங்க. "என்னவோ போங்க. உங்க இஷ்டம். அரிவாளைச் சாணை பிடிச்சு வச்சிருக்கேன்."

ஞாயித்துக்கிழமை விடிஞ்சதும் ஆரம்பிச்சாரு. கண்டக்டரு மதில் மேல இடம் பிடிச்சுட்டாரு. முள்ளு கிழிச்சுச்சு. கொடி காலைச் சுத்துச்சு. கொஞ்சம் வெட்டுவாரு, மூச்சு வாங்கும், உட்காருவாரு. உட்கார்ந்தா போதும், மூலையில "க்ர்ர்ர்ர்". பதறி எழுந்து வெட்டுவாரு. நின்னுடும். தண்ணி குடிக்கலாம்னு செம்பைத் தூக்குவாரு. "புஹ்ஹ்!" செம்பைப் போட்டுட்டு மறுபடி அரிவாளைத் தூக்குவாரு. கடையில கூலிக்கு ஆள் வச்சிருந்தாக்கூட அவரு இப்படி வேலை வாங்கியிருக்க மாட்டாரு.

"ஜாக்கிரதை தம்பி! மூலைக்கு ஓட ஓட அதுக்குக் கோபம் ஜாஸ்தியாகும்!"னு கண்டக்டரு காலை மதில் மேல தூக்கி வச்சுக்கிட்டாரு.

மத்தியானத்துக்குள்ள கொல்லை மொட்டையாயிடுச்சு. மிச்சம் ஜன்னலுக்குக் கீழே ஒரே ஒரு கொத்து. உள்ளேயிருந்து சத்தம் வருது. இந்தத் தடவை கிட்டப் போயும் நிக்கலை. மோட்டார்க்காரரு உசிரைக் கையில பிடிச்சுக்கிட்டு, கண்ணை மூடி, ஒரே வீச்சு வீசினாரு. கொத்து சாய்ஞ்சுச்சு. பல்லு இல்லை. வாலு இல்லை. செம்பு கலரு இறக்கையும் இல்லை. பட்டன் தைக்கிற தடி நூலால கட்டி, பிளாஸ்டிக் கவருக்குள்ள ஒரு பழைய போன் தொங்குது. லைட்டு எரிய எரிய, உடம்பை ஆட்டி ஆட்டி, "க்ர்ர்ர்ர்... புஹ்ஹ்"னு ரிங்கு அடிக்குது.

எடுத்தாரு. காதுல வச்சாரு.

"ஹலோ?"

"வேரையும் எடுத்துடுங்க. இல்லேன்னா மறுபடி துளிர்க்கும்."

நிமிர்ந்து பார்த்தாரு. எதிர்ல ஜன்னலு பாதி திறந்திருக்கு. மறைக்க இனிமே ஒரு இலைகூட இல்லை. கம்பிக்கு அந்தப் பக்கம் சம்சாரம் நிக்கிறாங்க, காதுல போனை வச்சுக்கிட்டு. கூப்பிட்டாலே கேட்கிற தூரம். ஆனாலும் ரெண்டு பேரும் போன்லயே பேசுறாங்க.

"இது... இது உன் வேலையா?"

"நான் கூப்பிட்டா கத்தும், கட் பண்ணினா நிறுத்தும். சமர்த்துக் குருவி. சார்ஜு போடத்தாங்க தினம் துணி காயப் போட வந்தேன்."

"சரி, இந்தச் சத்தம்? இது எந்த மிருகத்தோடது? அதையாவது சொல்லு. நான் சாகறதுக்குள்ள தெரிஞ்சுக்கணும்."

"பேரு தெரியாதுங்க. நம்ம பின் ரூம்ல ஒரு ஞாயித்துக்கிழமை மத்தியானம் பிடிச்சேன்."

"பின் ரூம்லயா? ஞாயித்துக்கிழமை மத்தியானம் அங்க நான்தானே..."

நிறுத்திட்டாரு. போனை இறக்கினாரு. அந்தம்மா கட் பண்ணி மறுபடி கூப்பிட, அது இன்னொரு தடவை அடிச்சுக் காட்டுச்சு. க்ர்ர்ர்ர். விசிலு. அமைதி. புஹ்ஹ். ஊர்ல உள்ள எந்த மோட்டாரையும் காதால கண்டுபிடிச்ச மனுஷன், பொழுதன்னைக்கும் தன் மூக்குக்குள்ள ஓடினதை மட்டும் கேட்டதே இல்லை. எப்படிக் கேட்பாரு? அது ஓடுறப்ப இவரு கடையைச் சாத்திடுறாரே!

மதில் மேல ஒரு முனகலு. கண்டக்டரு நெஞ்சுல கையை வச்சுக்கிட்டு இருக்காரு.

"தம்பி... அது நீங்களா? ஞாயித்துக்கிழமை பகல்ல மட்டும் கத்துற அபூர்வக் கூகை ஒண்ணு எங்க தெருவுல இருக்குன்னு வெளியூர்லேர்ந்தெல்லாம் ஆளைக் கூட்டிட்டு வந்து மதில் மேல உட்கார வச்சேனேய்யா! போன்ல குரலு மாறிப் போனதால எனக்கே அடையாளம் தெரியலையே!"

அவரு பைனாகுலரைக் கழட்டிச் சட்டைப் பைக்குள்ள திணிச்சுக்கிட்டு இறங்கிப் போயிட்டாரு. அன்னைக்கு அந்தத் தெருவுல ரெண்டு ஆம்பளைங்க மானம் போச்சு. ஒருத்தருக்குக் காதால, இன்னொருத்தருக்கும் காதால.

மோட்டார்க்காரரு வேரை எடுத்தாரு. குப்பையை அள்ளினாரு. ஜன்னலுக்கு எண்ணெய் போட்டாரு. சொன்ன சொல்லு மாறாம மெஷினைத் தூக்கிட்டு வந்து ஜன்னலோரம் வச்சாரு. கட்டிலுக்குப் பக்கத்துலயேதான். வேற இடம் ஏது? அப்புறம் கை காலெல்லாம் முள்ளுக் கீறலோட கட்டில்ல விழுந்தாரு.

வெயிலு நேரா வந்து மூஞ்சியில உட்கார்ந்துச்சு. இந்தப் பக்கம் புரண்டாரு, அதுவும் புரண்டுச்சு. இருட்டுன்னு ஒண்ணு அந்த ரூம்ல இருந்ததுக்கு அடையாளமே இல்லை. அவரே வெட்டி அவரே அள்ளிக் கொட்டிட்டு வந்திருக்காரு.

"ஆஹா! என்ன வெளிச்சங்க!"ன்னு அந்தம்மா ஒரே குத்துல ஊசியில நூலைக் கோத்தாங்க. பெடலை மிதிச்சாங்க. டக டக டக டக.

மோட்டார்க்காரரு தலையணையை எடுத்துக் காதுல அமுக்கிக்கிட்டாரு. ஆனா பாருங்க, கரடி இல்லைன்னு தெரிஞ்சதும் அந்தப் பாழாப் போன காது அதே நிமிஷத்துல வேலைக்குத் திரும்பிடுச்சு. டக டகவுக்கு நடுவுல மெலிசா ஒரு கிறீச்சு. பல்லைக் கடிச்சாரு. உதட்டைக் கடிச்சாரு. தலையணையைக் கடிச்சாரு. முடியலை. தொழில் புத்தி எழுந்து உட்கார்ந்துடுச்சு.

"இந்தா, அது உள்ள தண்டைத் தாங்குற புஷ்ஷு தேஞ்சிருக்கு. எண்ணெய்க்கெல்லாம் அடங்காது. முழுசாக் கழட்டித்தான் பார்க்கணும்."

மெஷின் நின்னுச்சு. அந்தம்மா நூலைப் பல்லால கடிச்சு அறுத்தாங்க.

"தெரியும்ங்க. அதுக்குத்தான் உங்களோட அடுத்த ஞாயித்துக்கிழமையை எடுத்து வச்சிருக்கேன்."